கத்திரி வெயிலில் கம்பளி நூல்

“இந்த வெயில்லயா கம்பளி பின்றே?” என்று பெரியம்மா கேட்டார். கேட்டதில் தப்பில்லை. மதுரையில் மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. மின்விசிறி சூடான காற்றை ஒரு மூலையிலிருந்து அள்ளி இன்னொரு மூலையில் கொட்டிக்கொண்டிருந்தது. மொட்டைமாடியில் கூழ்வத்தல் பிழிந்து காயவைத்துவிட்டு அப்போதுதான் அவர் இறங்கி வந்திருந்தார். நான் சிமென்ட் தரையில் உட்கார்ந்து, இரண்டு நாற்காலிகளின் முதுகில் மாட்டிய சிட்டத்திலிருந்து நூலைப் பந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். 100 கிராம் மெரினோ கம்பளி நூல், நீளம் சுமார் 400 மீட்டர். முந்தின வாரம் கொல்லைப்புற அடுப்பில் நானே சாயம் ஏற்றியது. சிட்டத்தின் ஒரு பாதி மாதுளைச் சிவப்பு, மறுபாதி மயில்கழுத்து நிறம். இரண்டும் சந்தித்த இடத்தில் நான் திட்டமிடாத ஒரு கத்தரிப்பூ நிறம்.

பெரியம்மாவின் பேரன் செப்டம்பரில் கனடாவிலுள்ள எட்மன்டனுக்குப் படிக்கப் போகிறான். அங்கே குளிர்கால இரவுகள் சில மைனஸ் 30 வரை இறங்கும். அவனுக்கு ஒரு குல்லா. குளிருக்கான துணியைக் கோடையில்தான் பின்னியாக வேண்டும், குளிர் வந்த பிறகு பின்னத் தொடங்குகிறவர் வசந்தத்தில்தான் முடிப்பார். ஆனால் பெரியம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஈசிசேரில் கைபனியனோடு கண்ணயர்ந்திருந்த பெரியப்பாவைக் காட்டி, “அவர் போட்டிருக்கிறதும் இதேதான் பெரியம்மா, நூல்தான் வேற” என்றேன்.

முதலில் தறியை நினைத்துப் பாருங்கள். பாவு ஒரு திசை, ஊடை ஒரு திசை, இரண்டும் நேர்கோடுகள். பின்னலில் நேர்கோடு என்பதே கிடையாது. ஒரே நூல் வளைந்து ஒரு கண்ணி ஆகிறது, அந்தக் கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைகிறது, அதற்குள் அடுத்தது. முடிச்சு எங்குமே இல்லை. கடைசிக் கண்ணியை விடுவித்து நூலை இழுத்தால் குல்லா முழுவதும் மறுபடி ஒரே நூலாகிவிடும். இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் 1589-இல் வில்லியம் லீ என்ற பாதிரியார் இந்த வேலைக்கு ஒரு இயந்திரம் கட்டினார். திருப்பூரில் இன்று வட்டமாகச் சுழன்றுகொண்டிருக்கும் நிட்டிங் இயந்திரங்கள் அதன் தூரத்துப் பேரப்பிள்ளைகள். பனியன் துணியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், ஸ்வெட்டரின் அதே கண்ணிகள் மிகச் சிறிதாகத் தெரியும்.

பருத்தி நூலைப் பிடித்து இழுத்தால் ஏறக்குறைய நீளாது. பனியனை இழுத்தால் நீள்கிறது, விட்டால் திரும்புகிறது. நூலிடம் இல்லாத இந்த நீட்சி எங்கிருந்து வந்தது? பாரிஸில் சாமுவேல் புவான்க்ளூவும் அவருடைய சகாக்களும் நைலான் இழையால் ஒரு துணி பின்னி, அதை மெல்ல இழுத்து, ஒவ்வொரு கண்ணியும் எப்படி உருமாறுகிறது என்று அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். மூன்றே விஷயங்களைக் கணக்கில் கொண்டால் போதும் என்றது அவர்கள் முடிவு: நூல் வளைய மறுப்பது, நூலின் மொத்த நீளம் மாறாதது, ஒரு கண்ணி இன்னொன்றைக் கடக்க முடியாதபடி பூட்டிக்கிடப்பது. வளைந்த நூல் நிமிரப் பார்க்கிறது, பக்கத்துக் கண்ணி விடமாட்டேன் என்கிறது. நீட்சி பொருளில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் இயற்பியலாளர் எலிசபெத்தா மாட்சுமோட்டோ இதையே வேறு பக்கமாகப் பார்க்கிறார். நிட், பர்ல் என்ற இரண்டு கண்ணிகளையும் எந்த வரிசையில் அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்துத் துணியின் குணம் மாறுகிறது, ஆகவே பின்னல் ஒரு நிரல்மொழி என்பது அவர் வாதம். அவரே சிறுவயது முதல் பின்னுகிறவர். ஊசி பிடித்த அனுபவம் இல்லாத ஒருவருக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

கண்ணிகளுக்கு இடையே காற்று நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படுசோம்பேறி. தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். குல்லா இந்தக் காற்றைச் சிறைவைத்து எட்மன்டனில் காதைக் காக்கிறது. மெல்லிய பனியனில் அதே கண்ணிகள் காற்று போய்வரும் சன்னல்கள், வியர்வையை வெளியே விடுகின்றன. ஒரே வடிவம், நூலின் பருமனை மாற்றினால் குளிருக்கும் வெயிலுக்கும் ஆகிறது.

இனி சாயம். இந்த அத்தியாயத்தை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கம்பளி நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரதச் சங்கிலியில் ஆங்காங்கே அமினோ தொகுதிகள் தொங்குகின்றன. தண்ணீரில் வினிகரோ சிட்ரிக் அமிலமோ சேர்த்தால் அவை ஒவ்வொன்றும் ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பற்றிக்கொண்டு நேர்மின் ஏற்றம் பெறுகின்றன. கம்பளிக்குப் போடும் சாய மூலக்கூறுகளில் சல்போனேட் என்ற எதிர்மின் வால் இருக்கிறது. பிறகு நடப்பதற்கு விளக்கம் தேவையில்லை. இவற்றை அமிலச் சாயங்கள் என்று அழைப்பதால் சாயமே கையை அரிக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். அமிலம் தண்ணீரில்தான் இருக்கிறது, அதுவும் ரசத்தின் புளிப்பு அளவுக்கு.

புளிப்பு மட்டும் போதாது, சூடும் வேண்டும். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற அடுக்கு மூடியிருக்கிறது. வெந்நீரில் இழை ஊதிப் பெருக்கும்போதுதான் சாயம் செதில்களைத் தாண்டி உள்ளே இறங்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் (சாயத்துக்கென்று ஒதுக்கியது, மறுபடி சமையலறைக்குள் வரக்கூடாது) நூலை அமிழ்த்தி, கொதிக்கவிடாமல் 85, 90 பாகைக்கு மெல்ல ஏற்றி அரைமணி நேரம் வைத்தால் ஒரு சின்ன அதிசயம் நடக்கும். சிவப்பாக இருந்த தண்ணீர் தெளிந்துவிடும். கரண்டியில் அள்ளிப் பார்த்தால் குடிநீர் போல இருக்கும். சாயம் மொத்தமும் நூலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

அடுத்த கட்டத்தில்தான் நான் முதல் சிட்டத்தைப் பறிகொடுத்தேன். வெந்நீரிலிருந்து எடுத்து, அவசரத்தில் குழாயடிக்குக் கொண்டுபோய், வேட்டி கசக்குவதுபோல் கசக்கினேன். செதில்கள் எல்லாம் முடியின் நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பவை. ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் பிடிக்கும். சூடும் ஈரமும் தேய்ப்பும் சேர்ந்தால் ஒவ்வொரு இழையும் ஒரே திசையில் மட்டும் ஊர்ந்து, பின்வாங்க முடியாமல் பக்கத்து இழைகளோடு சிக்கிக்கொள்ளும். எனக்கு மிஞ்சியது நூல் அல்ல, பாத்திரம் பிடிக்கும் துணி. இதைத் தவிர்க்கவே ஆலைகள் குளோரினால் செதில்களின் முனையை மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூசிய கம்பளியை விற்கின்றன. கையால் சாயமிடுகிறவர்கள் பெரும்பாலும் வாங்குவது அதைத்தான். காவல் தளர்ந்த இழையில் சாயம் வேகமாக ஏறும், நிறமும் பளிச்சென்று வரும். குளோரின் கலந்த கழிவுநீர் ஆலையோடு நின்றுவிடுவதால், நம் கொல்லைப்புறம் சுத்தமாக இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சாயத் தொழிலின் பாடநூல்களில் பெரும்பகுதி ஒரே கவலையைப் பற்றியது: நிறம் எல்லா இடத்திலும் சீராக ஏற வேண்டும். சூட்டை மெல்ல ஏற்று, அமிலத்தைப் பிறகு சேர், கிளறிக்கொண்டே இரு. அப்படிச் செய்தால் சாய மூலக்கூறுகள் ஓரிடத்தில் ஒட்டி, கழன்று, வேறிடம் போய் ஒட்டி, கடைசியில் சமமாகப் பரவும். கைச்சாயக்காரர் இந்த அறிவுரைகளை வரிவரியாக மீறுகிறார். நூலை முதலிலேயே புளிப்பு நீரில் ஊறவைக்கிறார், சூடான பாத்திரத்தில் ஒரு மூலையில் மட்டும் சாயத்தை ஊற்றுகிறார், கிளறுவதில்லை. விழுந்த இடத்திலேயே சாயம் பற்றிக்கொள்கிறது. ஈர நூலின் மேல் பொடியைக் கிள்ளித் தூவினால் அது நகர நேரமில்லாமல் புள்ளிகளாகத் தங்கும். ஆலையில் கழித்துக்கட்டும் குறைதான் இங்கே விலை.

கடையில் ஒரே நிறமாக விற்கும் ஊதா, உண்மையில் நீலமும் சிவப்பும் கலந்த கூட்டணி. இரண்டுக்கும் மூலக்கூறு வேறு, நூலை அடையும் வேகமும் வேறு. புளிப்பும் சூடும் அதிகமாக இருந்தால் அவசரக்காரர் முந்திப் பிடித்துக்கொள்வார், மற்றவர் கொஞ்சம் தள்ளிப்போய் இடம்பிடிப்பார். ஊதாவைக் கொட்டினால் நூலில் ஓரிடம் ரோஜாவாகவும் ஓரிடம் நீலமாகவும் உடைந்து வருவது இதனால்தான். மைத்துளி விழுந்த தாளில் தண்ணீர் ஊறும்போது நிறங்கள் பிரிந்து ஓடுவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்களே, அதன் உறவினர் இது.

இத்தனையும் பருத்தியிடம் பலிக்காது. 1856-இல் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் லண்டனில் குயினைன் செய்யப் போய் மாவ் என்ற ஊதாச் சாயத்தைக் கண்டபோது, அது பட்டில் உடனே ஏறியது, பருத்தியில் நிற்கவில்லை. பருத்தி என்பது செல்லுலோஸ். பிடித்துக்கொள்ள அமினோ கைகள் அதனிடம் இல்லை. தண்ணீரில் அதன் மேற்பரப்பு எதிர்மின் ஏற்றம் பெறுவதால், சாயத்தின் எதிர்மின் வாலைத் தள்ளிவிடவும் செய்யும். பருத்தியோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்ளும் வினைச்சாயங்கள் சந்தைக்கு வர சரியாக நூறு ஆண்டுகள் பிடித்தன. ஐசிஐ நிறுவனத்தின் ராட்டியும் ஸ்டீபனும் உருவாக்கிய புரோசியான் சாயங்கள் 1956-இல் வெளிவந்தன. இவற்றுக்கு வினிகர் அல்ல, சலவை சோடா வேண்டும். அடுப்பு வேண்டாம், அறைவெப்பமே போதும். குளிர்நாட்டில் பருத்தி நூலுக்குச் சாயமிடுகிறவர்கள் வாளியைப் போர்வையால் சுற்றிவைத்துக் கோடைக்குக் காத்திருப்பார்கள். மதுரையில் வாளியை நிழலில் வைத்தாலே போதும்.

ஆனால் இங்கே தண்ணீர் தெளிவதில்லை. சாயத்தில் ஒரு பகுதி பருத்தியோடு சேராமல் தண்ணீரோடே வினைபுரிந்து வீணாகிவிடுகிறது, அதை அலசி அலசி வெளியேற்ற வேண்டும். தள்ளிவிடும் பருத்தியிடம் சாயத்தை நெருங்க வைக்க உப்பும் அள்ளிக்கொட்ட வேண்டும். உப்பு நூலில் தங்காது, முழுவதும் கழிவுநீரில்தான் போகும். ஒரு வாளியில் இது அற்ப விஷயம். சாயப்பட்டறைகள் நிறைந்த ஊரில் அதுவே நொய்யலாற்றின் கதை. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் வயலுக்கு ஆகாததாகி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை போனது. இன்று அங்கே கழிவுநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுக்கிறார்கள். பெரியப்பாவின் பனியன் வெள்ளை என்பதால் அன்று அவரை விட்டுவிட்டேன்.

வெயில் சாயத்துக்கு உதவுவதுபோலவே அதைத் தின்னவும் செய்கிறது. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், சாம்பார் கறை போதும். வெள்ளை வேட்டியில் விழுந்த மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் ரத்தச்சிவப்பாகும். அது காரத்துக்கு மஞ்சளின் குர்குமின் காட்டும் எதிர்வினை. அலசி வெயிலில் போட்டால் சாயங்காலத்துக்குள் காணாமல் போகும். ஒளி அந்த மூலக்கூறை உடைத்துவிடுகிறது. மஞ்சளில் தோய்த்த கம்பளி முதல் நாள் பொன்போல இருக்கும். அதை நம்பி யாருக்கும் பரிசு பின்னாதீர்கள். படிகாரத்தில் ஊறவைத்து, அலுமினிய அயனியைப் பாலமாக வைத்துச் சாயத்தைப் பிடிக்கும் பழைய வழி மற்ற பல தாவரச் சாயங்களுக்குக் கைகொடுக்கும், மஞ்சளை அதனாலும் அதிகம் காப்பாற்ற முடியாது. எந்தச் சாயமானாலும் நூலை நிழலில் காயவைப்பதே நல்லது. கடும் வெயிலில் கம்பளியே பழுத்துப்போகும்.

அவுரி நீலம் வேறு ரகம். அது இழையோடு கைகுலுக்குவதே இல்லை. தண்ணீரில் கரையாத பொருள், தொட்டியில் ஆக்சிஜனைப் பறித்தால் மஞ்சள்பச்சையாகக் கரைகிறது, நூலை வெளியே எடுத்ததும் காற்று பட்டு நீலமாகி இழைக்குள்ளேயே சிறைப்படுகிறது. மேற்பரப்பில் ஒட்டி நிற்கும் துகள்கள் பிறகு தேய்ந்து வரும். திண்டிவனம் பக்கத்து அவுரியில் தோய்த்த நூலை ஒரு கோடையில் பின்னியபோது, வியர்த்த விரல்கள் மாலைக்குள் பேனா மை கொட்டியதுபோல் ஆகிவிட்டன. சாயம் போகிறதோ என்று பயப்படத் தேவையில்லை, சிறைக்குள் இருப்பவை அங்கேயேதான் இருக்கின்றன.

குல்லாவுக்கு வருவோம். சிட்டம் என்பது நூலை வட்டமாகச் சுற்றிய வளையம். என் சிட்டத்தின் சுற்றளவு 150 சென்டிமீட்டர். பாதி சிவப்பு, பாதி மயில்கழுத்து என்றால், அவிழ்த்த நூலில் 75 சென்டிமீட்டர் சிவப்பு, 75 சென்டிமீட்டர் மயில்கழுத்து என்று 400 மீட்டருக்கும் ஒரே தாளம் ஓடும். இப்போது குல்லாவின் ஒரு சுற்றுக்கு எத்தனை நூல் செலவாகிறது என்பதே கேள்வி. ஒரு சுற்றுக்கு 75 சென்டிமீட்டர் ஆனால் ஒரு சுற்று சிவப்பு, ஒரு சுற்று மயில்கழுத்து எனப் பட்டை பட்டையாக வரும். சரியாக 150 ஆனால் சிவப்பு ஒரு பக்கமே செங்குத்தாக அடுக்கிக்கொண்டு போய், குல்லா இரண்டு நிறத் துண்டுகளை ஒட்டியதுபோல் ஆகும். பின்னுகிறவர்கள் இதை நிறம் தேங்குவது என்பார்கள். சிலர் இதை வெறுத்து, இரண்டு பந்துகளை மாற்றி மாற்றிப் பின்னிக் கலைத்துவிடுவார்கள். எனக்கு இது பிடிக்கும்.

150-க்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருந்தால்? ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. மிருதங்கக்காரர் எட்டு எண்ணிக்கைச் சொல்லையே வாசித்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் சமத்தில் விழும், சுவாரசியம் இல்லை. ஏழு எண்ணிக்கைச் சொல்லை எடுத்தால் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் அது ஓர் அட்சரம் நழுவி, 56 அட்சரம் கழித்துத்தான் மறுபடி சமத்துக்கு வரும். குல்லாவின் சுற்று தாளம், நூலின் நிறம் சொல். இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று நழுவி, நிறம் குல்லாவைச் சுற்றிக் கொடிபோல் ஏறுகிறது.

என் குல்லாவில் 144 கண்ணிகள். ஒரு கண்ணிக்கு 10.4 மில்லிமீட்டர் நூல் என்றால் ஒரு சுற்றுக்கு 149.8 சென்டிமீட்டர், நிறம் செங்குத்தாக நிற்கும். நான் இறுக்கிப் பின்னிக் கண்ணிக்கு 10.2 மில்லிமீட்டர் ஆனால் சுற்றுக்கு 146.9 தான், நிறம் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று கண்ணி முன்னே போகும். 10.6 ஆனால் அதேபோல் பின்னே போகும். கண்ணிக்கு 0.2 மில்லிமீட்டர், அதாவது இரண்டு மூன்று தலைமுடிப் பருமன். கொடி இடப்பக்கம் ஏறுவதா வலப்பக்கம் ஏறுவதா என்பதை இது தீர்மானிக்கிறது. இவ்வளவு நுட்பமான அளவுகோல் வீட்டில் வேறெதுவும் என்னிடம் இல்லை.

வியர்வை உள்ளே வருவது இங்கேதான். ஈர விரல் நூலை வழுக்கவிடாது, ஊசியும் பிசுபிசுத்துப் பிடிக்கும். விரலுக்கும் ஊசிக்கும் நடுவில் இழுவிசை கூடிக் கண்ணி சுருங்குகிறது. கம்பளி சும்மா இருப்பதும் இல்லை. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாத பொருள் அது. பருத்தியால் அவ்வளவு முடியாது, பாலியெஸ்டர் முயற்சியே செய்யாது. வாங்கும்போது கொஞ்சம் வெப்பம் வெளிப்படும், காற்று உலர்ந்ததும் நீரை விட்டுவிட்டுக் குளிரும். மலையேறுகிறவர்கள் மெல்லிய மெரினோ பனியனைக் கோடையிலும் போடுவது இதை நம்பித்தான். சென்னைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துப்போகும், ஆனால் கடற்கரைப் புழுக்கத்தில் ஆவியாக இடம் வேண்டுமே. அங்கே லேசான பருத்திதான் சரி.

குல்லாவை ஜூன் முதல் வாரத்தில் முடித்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, ஒரு சொம்பின் மேல் கவிழ்த்து நிழலில் வைத்தேன். சிவப்புக் கொடி விளிம்பிலிருந்து இடப்பக்கமாகச் சாய்ந்து ஏறி, பாதி உயரத்தில் ஏழெட்டுச் சுற்றுகள் நிமிர்ந்து நின்று, பிறகு வலப்பக்கம் திரும்பியிருந்தது. கண்ணிகளின் எண்ணிக்கையை நான் மாற்றவில்லை, ஊசியையும் மாற்றவில்லை. கீழ்ப்பாதி கூடத்தில், மின்விசிறிக்கு அடியில், மதியங்களில் பின்னியது. நடுவே ஒரு நாள் சாயங்காலம் கோடை மழை பிடித்தது, காற்று குளிர்ந்தது, அதன்பின் சில நாட்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காய்ந்த கையோடு பின்னினேன். ஒரு குல்லாவை வைத்து இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். நூலைப் பிடிக்கும் விரலை அறியாமல் மாற்றியிருக்கவும் கூடும்.

பெரியம்மா சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கணக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு, கொடி திரும்பும் இடத்தில் விரலை வைத்து, “கூழ்வத்தல் நனைஞ்ச அன்னைக்கா?” என்று கேட்டார்.